கோட்டையில் நெல் எங்கே இருந்தது?

1

ஜெர்மனி போய்வந்த நண்பர் ஒருவர் ஒரு மாலை முழுக்க உட்காரவைத்துப் படங்கள் காட்டினார். ரைன் நதியில் பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை படகில் போயிருக்கிறார். இரண்டு கரையிலும் குன்றுகள், சரிவில் திராட்சைத் தோட்டங்கள், குன்றுக்குக் குன்று ஒரு கோட்டை. 65 கிலோமீட்டரில் ஏறத்தாழ 40 கோட்டைகளாம். படங்களை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "உங்க காவேரியும் ஆறுதானே? கல்லணையிலேர்ந்து பூம்புகார் வரைக்கும் இந்த மாதிரி ஒண்ணாவது இருக்கா? கோயில், கோயில், கோயில். உங்க ராஜாக்கள்லாம் எங்கேதான் குடியிருந்தாங்க?"

கேலியாகக் கேட்டதுதான். ஆனால் இதே கேள்வியின் இன்னொரு வடிவத்தை நான் ஐம்பது வருடங்களுக்கு முன்பே கேட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து தஞ்சாவூர் அரண்மனைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து அப்பாயியிடம் தர்பார் மண்டபம், மணிக்கூண்டு, சலவைக்கல் ராஜா என்று மூச்சு விடாமல் சொன்னேன். எங்கள் அப்பாயி பண்ணையாளாக இருந்தவர். நடவுக்கும் அறுப்புக்கும் போக மற்ற நாளெல்லாம் பண்ணை வீட்டுக் கொல்லையில் வேலை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "பாத்தேன் பாத்தேங்கிறியே, அம்மாம் பெரிய வூட்ல நெல்லை எங்க வச்சிருந்தானுவன்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. யாரும் காட்டவும் இல்லை.

நண்பருக்குப் பதில் சொல்லப் போனால் அப்பாயிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடனுக்காகத்தான் கடந்த தை மாதம் மூன்று நாள் நாங்கள் இரண்டு பேரும் டெல்டாவைச் சுற்றினோம். இந்தக் கட்டுரை பயணக் கட்டுரை இல்லை. கோட்டைகளை எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம், அந்தப் பார்வையை நமக்குக் கொடுத்த பிரதிகள் எவை, அவை எதை மறைக்கின்றன என்பதுதான் பிரச்சினை.

முதலில் ரைன். அந்தக் கோட்டைகளில் பல, ஆற்றில் போகிற படகை மறித்துச் சுங்கம் பிடுங்குவதற்காக எழும்பியவை. கௌப் என்ற ஊரில் ஆற்றின் நடுவிலேயே ஒரு சுங்கக் கோட்டை நிற்கிறது. 1689இல் பிரெஞ்சுப் படைகள் பலவற்றைத் தகர்த்தன. இடிபாடாகக் கிடந்தவற்றைத் தேடி 19ஆம் நூற்றாண்டில் கவிகளும் ஓவியர்களும் வந்தார்கள். ஆங்கில ஓவியர் டர்னர் வந்து வரைந்தார். ஸ்டோல்சன்ஃபெல்ஸ் என்ற இடிபாட்டை 1823இல் பிரஷ்ய இளவரசருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அரசரான பிறகு, 1842 வாக்கில், அது 'இடைக்காலக் கோட்டை'யாகப் புதுசாகக் கட்டி முடிந்தது. 2002இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கையே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஆக, சுங்கம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் படகுக்காரன் கண்ணுக்குக் கோட்டை அழகாக இருந்திருக்க வழியில்லை. சுங்கம் போன பிறகுதான் அது காட்சியானது. சுரண்டல் நின்றுபோன இடத்தில் அழகியல் குடிவருகிறது. இதை ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி உடனே எழும். காவிரியில் அப்படிக் 'காட்சி'யாகக் கோட்டை நிற்கவில்லை என்றால், இங்கே சுங்கம் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தமா? அல்லது சுங்கம் வாங்கிய இடம் வேறொரு உருவத்தில் நம் கண்முன்னாலேயே இருந்து, அதைக் கோட்டை என்று அடையாளம் காண நாம்தான் பழகவில்லையா?

2

சோழர்கள் கடவுளுக்குக் கல்லிலும் தங்களுக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டார்கள். அதனால் கோயில் நிற்கிறது, அரண்மனை இல்லை. கும்பகோணத்துக்குத் தென்மேற்கே பழையாறைப் பக்கம் சோழன்மாளிகை என்றே ஓர் ஊர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் வயலும் வாழையும்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்டசோழபுரத்தில் மாளிகைமேடு என்ற இடத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் அடித்தளம் கிடைத்தது. அந்த ஊர்க் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துத்தான் 1836இல் வெள்ளைக்காரன் கொள்ளிடத்தில் கீழணை கட்டினான். ராஜேந்திரன் எழுப்பிய மதில் இன்றைக்கு ஆற்றுக்குள் தண்ணீரைத் தடுத்துக்கொண்டு கிடக்கிறது. அதையும் யாரும் 'கோட்டை பார்க்க' என்று போவதில்லை.

தரையில் இல்லாத இந்தக் கோட்டைகளைத் தாளில் கட்டிக் கொடுத்தவர் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அதை நான் ஓர் ஆற்றங்கரைக் கோட்டைச் சுற்றுலாவாகத்தான் வாசிக்கிறேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் கிளம்புகிற வந்தியத்தேவன் நமக்கு வழிகாட்டி. கடம்பூர் சம்புவரையர் மாளிகை, தஞ்சைக் கோட்டை, பழுவேட்டரையர் அரண்மனை, பழையாறை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப்போகிறான். சுரங்க வழி, ரகசியக் கதவு, மதில்மேல் ஏறிக் குதிப்பது என்று ஐரோப்பிய சாகச நாவல்களின் சாமான் அத்தனையும் காவிரிக் கரையில் வந்து இறங்குகிறது. வாசகர் லட்சக்கணக்கில். 2022இல் மணிரத்னம் படமாக எடுத்த பிறகு, நாவலில் வரும் இடங்களைத் தேடிக் கார் எடுத்துக்கொண்டு கிளம்புவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சோழன்மாளிகையில் அப்படி வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தோம். "எங்க சார் இருக்கு அரண்மனை?" என்று என்னையே கேட்டார்கள்.

கல்கியைக் குறை சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அவருடைய கதைசொல்லும் திறனைக் கேள்வி கேட்கிறவன் முட்டாள். நான் கேட்பது வேறு. பெரிய பழுவேட்டரையர் யார்? தனாதிகாரி மட்டும் இல்லை, தானியப் பண்டாரமும் அவர் பொறுப்பில்தான். அவருடைய நிலவறைக்குள் வந்தியத்தேவன் நுழைகிறான், நாமும் கூடவே நுழைகிறோம். என்ன பார்க்கிறோம்? பொன்னும் முத்தும் ரத்தினமும் சிலந்தி வலையும். நெல்லைக் காணோம். தானியப் பண்டார நாயகரின் கிடங்கில் ஒரு மரக்கால் நெல் இல்லை! உழவர்கள் நாவலில் வராமல் இல்லை. வருகிறார்கள், பச்சை வயல், ஓடும் வாய்க்கால் என்கிற காட்சியின் பகுதியாக வருகிறார்கள். கதையின் எந்தத் திருப்பமும் அவர்கள் கையில் இல்லை.

'சரித்திர நாவல்ல இதெல்லாமா எதிர்பார்க்கிறது?' என்று கேட்கலாம். சரித்திரம் இதையெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறது. ராஜராஜனின் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர் ஊராக நிலத்தைக் கணக்கெடுக்கும்போது வரிநீங்கிய இடங்களை வரிசைப்படுத்துகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், அதோடு பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. அரண்மனைப் பணிப்பெண்கள் குடியிருந்த 'வேளம்' சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. போரில் பிடித்துவந்த பெண்கள் அடைபட்ட இடமும் அதுதான். கல் தச்சன் கூச்சமில்லாமல் வெட்டிவைத்ததை நம் நவீன நாவல் நாசூக்காக விட்டுவிடுகிறது. கல்லைவிடக் காகிதம்தான் அதிகமாக மறைக்கிறது.

இன்னொன்று. இந்தத் தொடர்கதை வந்துகொண்டிருந்த அதே வருடங்களில் தஞ்சை ஜில்லாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? பி. சீனிவாச ராவ் முதலானவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம் சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் சேரிகளைத் திரட்டிக்கொண்டிருந்தது. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசாங்கம் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டிய நிலைமை. குத்தகைதாரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்பது சாராம்சம். அதுவும் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருப்பவருக்குத்தான். கல்கி ராஜாஜிக்கு நெருக்கமானவர், மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். டெல்டா அவருக்குத் தெரியாத பூமி இல்லை. ஜில்லா முழுக்கக் களத்துமேட்டில் 'யாருக்கு எத்தனை பங்கு' என்ற சண்டை நடக்கும்போது, அதே ஜில்லாவின் கடந்தகாலத்தை நெல் இல்லாத கோட்டையாக லட்சம் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இதைத் திட்டமிட்ட சதி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சமூகம் தன் ஏக்கத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்பதற்கு இது சாட்சி.

3

சரி, நிஜமாகவே நிற்கிற அரண்மனைக்கு வருவோம். தஞ்சாவூர் அரண்மனை நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரித்தது. உள்ளே கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகம், மேலே ஏறிப் பார்க்க மாடமாளிகை. நண்பருக்கு வெண்கலச் சிலைகள் பிடித்துப்போயின. எனக்கும்தான். ஆறாம் வகுப்பில் பார்த்த சலவைக்கல் ராஜா அப்படியே கைகூப்பி நிற்கிறார். இரண்டாம் சரபோஜி. செதுக்கியவர் லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மன்.

இந்தக் கோட்டையைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையை வளைத்தபோது, விஜயராகவ நாயக்கர் அந்தப்புரத்துப் பெண்கள் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று வெடிமருந்து வைத்து அவர்களோடு அந்தப்புரத்தையே தகர்க்கச் சொல்லிவிட்டுப் போர்க்களத்துக்குப் போய்ச் செத்தார் என்பது. தெலுங்கில் எழுதிய பழைய வரலாற்றுக் கதைகள் சொல்வது இது. இதைச் சொல்லும்போது யாருடைய குரலும் கொஞ்சம் உயர்ந்துவிடும். 'மானம்' என்ற சொல் தவறாமல் வரும். அந்தப் பெண்களை யாராவது கேட்டார்களா, எத்தனை பேர், என்ன பெயர் என்பதெல்லாம் கதையில் கிடையாது. இந்தத் தீயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் திரும்பி வருவேன்.

கோட்டை யாரைக் காப்பாற்றியது? 1781இல் ஹைதர் அலியின் படை டெல்டாவுக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்தி, மாட்டையும் மனிதரையும் ஓட்டிக்கொண்டு போனபோது தஞ்சைக் கோட்டை மட்டும் பிடிபடாமல் நின்றது என்று எழுதுகிறார்கள். உண்மைதான். கோட்டை நின்றது, வயலில் நின்றவன் போனான். அந்த நினைவு 'ஐதர் கலாபம்' என்ற சொல்லாக எங்கள் பக்கத்தில் வெகுகாலம் இருந்தது. பிறகு 1799இல் சரபோஜி ராஜ்ய நிர்வாகம் முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். அவருக்கு மிஞ்சியது கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், வருஷத்துக்கு ஒரு லட்சம் பகோடா, அதோடு நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. ஆளாத அரசனுக்கு ஐந்தில் ஒன்று. உழுத குத்தகைதாரனுக்கு ஐந்தில் இரண்டு கிடைக்க மேலும் ஒன்றரை நூற்றாண்டும் ஒரு போராட்டமும் வேண்டியிருந்தது.

அதிகாரம் இல்லாதவன் கட்டுகிற கோட்டை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஆற்றை விட்டுக் கொஞ்சம் தெற்கே, பட்டுக்கோட்டை தாண்டிக் கடற்கரைக்குப் போக வேண்டும். சாளுவநாயக்கன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. எட்டு அடுக்கு, அறுகோண வடிவம், சுற்றிலும் சிறு மதிலும் அகழியும். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடி 1814இல் சரபோஜி எழுப்பியது. ஆங்கிலேயரின் நண்பர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு ஐந்து மொழிகளில் கல்வெட்டும் வைத்தார். எங்கேயோ ஐரோப்பாவில் இரண்டு கொள்ளைக்காரர்கள் அடித்துக்கொண்டதற்கு, ராஜ்யத்தை எழுதிக்கொடுத்த ஒருவர் சேதுபாவாசத்திரம் கடற்கரையில் கோபுரம் கட்டுகிறார். அவர் அறிவாளி, நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர், மருத்துவத்தில் ஆர்வம் உள்ளவர். அத்தனையும் சரி. ஆனால் ஸ்டோல்சன்ஃபெல்ஸ் கட்டிய பிரஷ்யாக்காரருக்கு முப்பது வருடம் முன்பே, பயன்பாடு இல்லாத, வெறும் 'காட்சி'யான கோட்டையைக் காவிரி நாட்டில் கட்டிவிட்டார் என்பதும் சரி. நண்பரிடம் சொன்னேன்: "நீங்க கேட்டீங்களே, இதுதான் எங்க ரைன் கோட்டை." மேலே காற்று நன்றாக இருந்தது. எனக்கும் இறங்க மனசில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

4

அப்பாயியின் கேள்விக்குப் பதில் கும்பகோணம் போகிற வழியில் பாபநாசத்தில் கிடைத்தது. அங்கே திருப்பாலைத்துறைக் கோயிலில் ஒரு நெற்களஞ்சியம் நிற்கிறது. வட்டமாக, செங்கல்லில், மேலே குவிந்த கூரையோடு, 36 அடி உயரம். ரகுநாத நாயக்கர் காலத்தது என்கிறார்கள். 3,000 கலம் நெல் கொள்ளும். நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அதன் எதிரில் நின்றபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. ரைனில் அதிகாரம் படகை மறித்தது, அதனால் கோட்டை குன்றின்மேல், படகுக்குத் தெரியும்படி. காவிரியில் அதிகாரம் படகை மறிக்கவில்லை. தண்ணீரையும் களத்தையும் மறித்தது. மதகு யார் கையில், களத்தில் அளக்கிற மரக்கால் யார் கையில், அளந்த நெல் யார் வீட்டுப் பத்தாயத்துக்குள் போகிறது? இந்த மூன்றும்தான் இங்கே கோட்டை கொத்தளம். அதனால் டெல்டாவின் கோட்டைகளைப் பட்டியல் போட வேண்டுமானால் கோயில் களஞ்சியம், மடத்துப் பத்தாயம், மிராசுதார் வீட்டு நெற்குதிர், களத்துமேட்டுக் காவல் கொட்டகை என்றுதான் போட வேண்டும். சமவெளியில் பரந்து கிடக்கிற கோட்டை இது. மதில் இல்லை, அகழிக்குப் பதில் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் சேரி. படகில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஏரோட்டுகிறவனுக்குத் தெரியும்.

தமிழில் 'கோட்டை' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. அடுத்த போகத்துக்கான விதைநெல்லை வைக்கோல் பிரியால் உருண்டையாகச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பதற்கும் கோட்டை என்றுதான் பெயர். விதைக்கோட்டை. எங்கள் தாத்தா கோட்டை கட்டுவதில் கெட்டிக்காரர் என்று அப்பாயி சொல்வார். பூச்சி போகாது, ஈரம் இறங்காது, முளைப்பு குறையாது. கட்டியது முழுக்கப் பண்ணையின் நெல், ஒரு மணிகூட அவருடையது இல்லை. ஆனாலும் ஒரு கோட்டையைக் கட்டத் தெரிந்தவர் என்ற பெருமை அந்தக் கிழவிக்கு இருந்தது. மனிதர் இரண்டு வகையான கோட்டைகளைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு நுழைவுச் சீட்டு இருக்கிறது. மற்றதைக் கட்டத் தெரிந்தவர்கள் அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திரும்புகிற வழியில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். சம்பா அறுவடை நேரம். இயந்திரம் அறுத்த நெல் தார்ப்பாய்க்கு அடியில் குவியல் குவியலாக, வெட்டவெளியில். மழை வந்துவிடுமோ என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாலு நாளாக முறை வரவில்லையாம். "அந்தக் காலத்து ராசாவாச்சும் நெல்லுக்கு ஒரு கட்டடம் கட்டி வச்சான் சார்" என்றார். நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியத்தில் ராஜா மீதான ஏக்கம் இருக்கிறது, அது ஆபத்தானது. இன்றைய அரசு மீதான நியாயமான கோபமும் இருக்கிறது. நம்முடைய இயக்கங்கள் இந்தக் கோபத்தைக் கேட்கத் தவறினால், ஏக்கத்தை வாங்கிக்கொண்டு போக ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

5

தரங்கம்பாடியில் நண்பருக்கு ஒருவழியாகத் திருப்தி. கடலைப் பார்த்து நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை அவர் படத்தில் இருந்தவற்றுக்குச் சொந்தக்காரன் மாதிரியே இருந்தது. 1620இல் அதே ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரர்களுக்கு இடம் கொடுத்தார். டென்மார்க் அரசருக்குப் பொன் தகட்டில் கடிதமும் எழுதினார். 1845இல் அவர்கள் தங்கள் இந்தியக் குடியேற்றங்களை ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். இங்கே ஒரு விஷயம் பாராட்ட வேண்டியது. ஐரோப்பியன் தன் கோட்டை எதற்கு என்பதை மறைக்கவில்லை. கீழ்த்தளம் முழுக்கக் கிடங்கும் வெடிமருந்து அறையும் சிறையும்தான், மேலேதான் வசிப்பிடம். சரக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

சரக்கு என்றால் துணி, மிளகு மட்டும் இல்லை. 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் பீஜப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சை நாடு சிதறியபோது, ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். நாகையில் டச்சுக் கோட்டை இன்றைக்கு இல்லை, அதனால் அந்தக் கதையைச் சொல்லப் பலகையும் இல்லை. இருக்கிற கோட்டைகளின் பலகைகள் கட்டியவன் பெயர், கட்டிய ஆண்டு, பாணி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. உள்ளே என்ன இருந்தது, அது யாரிடமிருந்து வந்தது என்ற இரண்டு வரி சேர்த்தால் கோட்டை இடிந்துவிடாது.

6

கடைசி நாள் கீழ்வேளூர் வழியாகக் கீழ்வெண்மணி. 'இது கோட்டைகளின் பட்டியலில் எப்படி வந்தது?' என்று நண்பர் கேட்கவில்லை. மூன்று நாளில் அவருக்கும் விளங்கியிருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு. கூலியில் அரைப்படி நெல் கூடுதல் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் மிராசுதார்கள் சேர்ந்திருந்தார்கள். அன்றிரவு அடியாட்கள் துப்பாக்கியோடு வந்தபோது, ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும் தெருக்கோடியில் ராமையாவின் குடிசைக்குள் புகுந்துகொண்டார்கள். கதவைப் பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். 1970இல் நாகை செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இப்போது தஞ்சை அந்தப்புரத்துத் தீக்குத் திரும்பலாம். இரண்டு தீ. இரண்டிலும் உள்ளே பெண்கள் இருந்தார்கள், இரண்டிலும் வெளியேற வழி இல்லை, இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் ஆண்கள். ஒன்றை 'மானம்' என்று சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். மற்றதை நீதிமன்றம் நம்பவே மறுத்தது. அரண்மனைக்குள் எரிந்தவர்கள் அரசனின் மானத்துக்குச் சொந்தமாகி, பெயர் இல்லாமல் போனார்கள். குடிசைக்குள் எரிந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, 44 பெயரும் கல்லில் இருக்கிறது. அதை அரசாங்கமோ வரலாற்றுத் துறையோ வெட்டிவைக்கவில்லை. இயக்கம் வெட்டிவைத்தது. கோட்டை என்பது உள்ளே இருப்பவரைக் காப்பது என்றால், அந்தக் குடிசைக்குள் போனவர்கள் அதைக் கோட்டை என்று நம்பித்தான் போயிருக்கிறார்கள்.

நம் இலக்கியம் இந்தக் குடிசைக்குள் நுழைந்ததா? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வெண்மணியை நாவலுக்குள் கொண்டுவந்த துணிவை மறுக்க முடியாது. ஆனால் கதை எங்கே நின்று பார்க்கிறது? கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறையை அவருடைய வன்முறைக்கு ஊற்றாக வைத்தவுடன் வாசகன் மிராசுதாரின் மனசுக்குள், அவர் வீட்டுக்குள் இழுத்துச் செல்லப்படுகிறான். டெல்லியிலிருந்து வந்த படித்தவர்கள் விவாதிக்கிறார்கள். கூலி, அரைப்படி, கொடி எல்லாம் பின்னால் போகின்றன. மறுபடியும் கோட்டைக்குள் நுழைந்து நிலவறையைப் பார்க்கிறோம். இந்தமுறை பொன்னுக்குப் பதில் நனவிலி. நெல்லை இங்கேயும் காணோம். இடதுசாரிகள் அப்போதே இந்த நாவலைக் கண்டித்தார்கள், பலர் அதை ஒழுக்கப் பிரச்சினையாகச் சுருக்கியும் பேசினார்கள். எனக்கு அது பார்வை நிற்கும் இடத்தைப் பற்றிய பிரச்சினை. 1999இல் வந்த சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' அந்த இடத்தை மாற்றியது. கலை நேர்த்தியில் அதற்குக் குறைகள் உண்டு. சில பக்கங்கள் அறிக்கைபோல நகரும். ஆனால் அதில் நெல் இருக்கிறது. மரக்காலும் களமும் கூலிக் கணக்கும் பேச்சுமொழியும் இருக்கின்றன. நேர்த்தி குறைந்தது என்று அதை ஒதுக்கிவைத்துவிட்டு நேர்த்தியான கோட்டைகளுக்கே திரும்பத் திரும்பப் போகிற நம் விமர்சனத்தின் ருசியையும் கொஞ்சம் கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

'அப்படியானால் அழகான எதையும் பார்க்கவே கூடாதா? அரண்மனையை இடித்துவிடலாமா?' என்று நண்பர் ரயிலடியில் கேட்டார். இடிக்க வேண்டாம். மனோராவில் காற்று வாங்கலாம், தர்பார் மண்டபத்துச் சிற்பத்தை ரசிக்கலாம். கட்டியவனும் செதுக்கியவனும் சுண்ணாம்பு அரைத்தவளும் நம் ஆட்கள்தான். பார்க்கும்போது அப்பாயியின் கேள்வியைக் கையோடு கொண்டுபோனால் போதும். பள்ளிப் பிள்ளைகளைத் தஞ்சாவூர் அரண்மனைக்கு அழைத்துப் போகிற பேருந்து அதே பயணத்தில் பாபநாசம் களஞ்சியத்தின் முன்னாலும் வெண்மணியிலும் நிற்கட்டும். இந்த மூன்றும் ஒரே கோட்டையின் மூன்று பகுதிகள் என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

அப்பாயி செத்து முப்பது வருஷம் ஆகிறது. பதில் சொல்ல அவர் இல்லை. சொல்லியிருந்தால், "இதைக் கண்டுபுடிக்க ஒனக்கு இம்மாம் நாளாச்சா?" என்றுதான் கேட்டிருப்பார்.